கழன்று விழுந்த கை

பிளாஸ்டிக் குதிரைவீரனின் வலது கை மூன்றாவது தடவையாகக் கழன்று மேசையில் விழுந்தது.

"வா, ஒரே நொடியில ஒட்டிடறேன்" என்று குட்டி டியூபிலிருந்து அவசரப் பசை கூப்பிட்டது. இதுவரை ஒவ்வொரு தடவையும் ஒட்டியது அதுதான்.

"உன் சங்காத்தமே வேண்டாம்" என்ற கை, நேராகப் பிளாஸ்டிக் பசைப் புட்டியிடம் போய் நின்றது.

புட்டி அதை மேலும் கீழும் பார்த்தது. "மூட்டுல பழைய பசையும் பெயின்டும் அப்பியிருக்கு, முதல்ல அதைத் தேய்ச்சு எடு. அப்புறம் உன்னையும் தோளையும் நான் கொஞ்சம் உருக்குவேன். ரெண்டும் ஒண்ணாக் கலந்து இறுகணும். ஒரு நாள் முழுக்க அசையக் கூடாது. முடியுமா?"

வீரனின் தலை சிரித்தது. "என்னைப் பாரு! அவசரப் பசை போட்ட மறுநொடியே நிமிர்ந்து நின்னேன். உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. பளபளத்த பெயின்ட் போகும்வரை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டது. பசை பட்டதும் சுருக்கென்றது. கடித்துக்கொள்ளப் பல் இல்லாததால் தன் பிடியிலிருந்த ஈட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக் கழித்தது.

மறுநாள் வீரன் அலமாரியில் ஏறினான். யாரோ கதவைப் படாரென்று சாத்தியதில் மேசைமேல் தலைகுப்புற விழுந்தான். ஈட்டி வளைந்தது. கை அசையவில்லை.

டியூபின் காலடிக்கு உருண்டுபோன தலை, "நொடியில ஒட்டுவேன்னு சொன்னியே!" என்று அலறியது.

"ஒட்டினேனே! வா, இன்னொரு நொடிதானே" என்றது அவசரப் பசை.

கை, வளைந்த ஈட்டி நுனியால் உப்புத்தாளைத் தலையின் பக்கம் தள்ளிவிட்டது.