நின்றதும் சொல்லுங்கள்

“கண்ணை மூடிக்குங்க. அதிர்வு நின்னதும் சொல்லுங்க.”

பெயின்டர் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார். தட்டினால் அதிரும் இரும்புக் கவையான டியூனிங் ஃபோர்க்கை என் உள்ளங்கையில் தட்டி, அதன் காம்பை அவருடைய கால் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தேன்.

வைட்டமின் பி12 குறைந்தவர்களுக்கு நரம்பு எவ்வளவு மரத்துப்போயிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. பூஜ்யம் என்றால் மாத்திரை போதும், வேலைக்குப் போகலாம். ஐந்தைத் தாண்டினால் வாராவாரம் ஊசி. ஏணிப் பக்கமே போகக்கூடாது.

இவருக்கு ஏணிதான் பிழைப்பு.

“நின்னுடுச்சு” என்றார்.

உடனே ஃபோர்க்கை எடுத்து என் கட்டைவிரலில் வைத்தேன். அவருக்கு நின்ற பிறகும் எனக்கு அதிர்ந்தால், அவர் நரம்பில் கோளாறு. எனக்கும் நின்றிருந்தால், அவர் நலம். பதினேழு வருஷமாக இந்த அறையில் என் கட்டைவிரல்தான் தராசு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அசைவே இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன்.

இந்த இரண்டு மாதமாக என்னிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும் பூஜ்யம்தான். புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் வாயெல்லாம் பல்லாகத் திரிகிறார்.

பேனாதான் விரலில் நிற்காமல் நழுவியது. மட்டமான பேனா. காலையில் கைக்கடிகார வாரும் இப்படித்தான் வம்பு பண்ணியது. கடைசியில் வீட்டுக்காரர் மாட்டிவிட்டு, வயசாகுது உனக்கு என்று கேலி செய்தார்.

பெயின்டர் எழுந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை.

“நேத்து ரோட்டுல செருப்பு கழண்டு போனதுகூட இவருக்குத் தெரியலை, சிஸ்டர். ஒத்தைச் செருப்போட வீடு வந்து சேர்ந்தாரு.”

பெயின்டர் அவளை முறைத்தார். எனக்கும் சுருக்கென்றது. என் அளவையே சந்தேகப்படுகிறாளே!

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவரை மறுபடி உட்காரவைத்து, தட்டி, பெருவிரலில் வைத்தேன். நின்றுவிட்டது என்றார். என் கட்டைவிரலிலும் ஒன்றுமில்லை. நீங்களே பாருங்கம்மா என்று அதே சூட்டோடு அவள் கட்டைவிரலில் வைத்தேன்.

“இன்னும் அதிருதே.”

பிடுங்காத குறையாக வாங்கி என் விரலில் வைத்தேன். ஒன்றுமில்லை. திரும்ப அவள் விரலில் வைத்தேன். தலையாட்டினாள், அதிர்கிறதாம்.

பேனா மட்டமில்லை. வாரும் வம்பு பண்ணவில்லை.

அலமாரியில் இரண்டு மாதத்துத் தாள்கள் அடுக்கியிருந்தன. அதில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். மாடிக் கட்டடங்களில் கண்ணாடி துடைக்கிற ஒருத்தி இருந்தாள். இருவரையும் நான்தான் சிரித்த முகத்தோடு வேலைக்கு அனுப்பிவைத்தேன்.

பெயின்டரின் தாளில் பூஜ்யத்தைக் கோடு போட்டு அடித்தேன். அவர் ஏணியைப் பற்றி ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. ஃபோர்க்கை அவர் மனைவியிடம் கொடுத்து, எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டினேன். பிறகு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டேன்.

காம்பு விரலில் வந்து உட்கார்ந்தது. காத்திருந்தேன்.

“சும்மா வைக்காதீங்கம்மா, தட்டிட்டு வைங்க.”

“தட்டித்தான் வெச்சிருக்கேன், சிஸ்டர்.”