வேகம் வேண்டாம்

"எனக்கு எதுக்குப்பா இவ்ளோ ஸ்பீடு? பழைய நெட்டே போதும்."

புது இணைப்புக் கொடுக்க வயர் சுருளோடு வந்த தப்ரேஸை, ராயபுரத்து வீட்டு வாசலிலேயே மறித்தாள் ஃப்ளோரன்ஸ்.

"கப்பல்லேந்து உங்க புள்ள சாவியோ ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிக்கீறாரு ஆன்ட்டி. வீடியோ கால் கண்ணாடி மாதிரி தெரியும்."

"இப்பவே அவன் மூஞ்சி நல்லாத்தான் தெரியுது."

"அவருக்கு அப்பா மூஞ்சியப் பாக்கணுமாம். அப்பாகிட்ட போனைக் குடுன்னு சொன்னாலே நெட்டு நின்னுபூடுதாம். மோடத்த அப்பா படுத்துக்கீற கட்டிலாண்டையே மாட்டச் சொன்னாரு."

"வேணாம்னு சொல்றேன்ல!"

"மாட்டாம போனா ஆபீஸ்ல என்னைத்தான் திட்டுவாங்க ஆன்ட்டி."

ஃப்ளோரன்ஸ் அவனையே பார்த்தாள். பிறகு வழிவிட்டு நகர்ந்தாள்.

"வா. நீயே வந்து பாரு."

உள்ளறைக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சுவரோரம் மாலை போட்ட படத்தின் முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"பன்னண்டு நாளாச்சுப்பா. புள்ள நடுக்கடல்ல கீறான். கரைக்கு வர இன்னும் ஒரு மாசமாவும். இப்ப சொன்னா ஓடியாரவும் முடியாது, அங்க ஒண்டியா கெடந்து அழுவான். இத்த நீ மாட்டிட்டுப் போய்ட்டா, அப்பாவக் காட்டும்மான்னு கேக்கறப்போ நான் இன்னா சொல்லுவேன்?"

தப்ரேஸின் போன் அடித்தது. சாவியோதான்.

"மாட்டியாச்சா பாய்? ஸ்பீடு எப்படி கீது?"

தப்ரேஸ் வயர் சுருளைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"உங்க தெருவுக்கு இன்னும் லைன் வரல சார்," என்றான். "ஒரு மாசமாவும்."