பூஜ்ஜியம் காட்டிய கை

கிருமி தொற்றிக் குழந்தை இறந்துபோன கட்டிலின் கம்பிகளை நர்ஸ் எஸ்தர் பஞ்சுக்குச்சியால் துடைத்து, குச்சியை, அழுக்கை எண்ணில் காட்டும் கைக்கருவிக்குள் செருகினாள். சுத்தம் என்று வந்தது. மெத்தை, மேசை, குழாயின் பிடி எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் வேலாயுதம் உள்ளே வந்தான்.

"நான்தான் சிஸ்டர், கை கழுவாம புள்ளையத் தொட்டுட்டேன். என் கையப் பாருங்க."

"இது கட்டில், மேசைக்கு உள்ள மிஷினுண்ணே. இதுல கையெல்லாம் பாக்கக் கூடாது."

அவன் நீட்டிய கையை மடக்கவில்லை.

உயிருள்ள எந்தக் கையைத் துடைத்து வைத்தாலும் அந்தக் கருவியில் எண் ஆயிரக்கணக்கில் ஏறும். கிருமி எது, வெறும் வியர்வை எது என்று அதற்குத் தெரியாது. அதை இப்போது சொன்னால் இவன் காதில் ஏறாது. எண்ணை மட்டும் பார்ப்பான், சாகிறவரை சுமப்பான். எஸ்தர் புதுக் குச்சியை அவன் உள்ளங்கையில் தேய்த்தாள். குச்சியின் மூடிக்குள் இருக்கும் மருந்தை உடைத்துக் கலந்தால்தான் கருவிக்குக் கண் தெரியும். அவள் உடைக்காமலேயே செருகினாள்.

பூஜ்ஜியம்.

"பாத்தீங்களாண்ணே, உங்க கையில ஒண்ணுமே இல்ல."

வேலாயுதம் அந்தப் பூஜ்ஜியத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு, சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"அப்ப இவ கையப் பாருங்க சிஸ்டர்."

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.