எரிக்க மனசு வரவில்லை

கரண்ட் போனதும் அண்ணன் மெழுகுவர்த்தி தேட ஆரம்பித்தான்.

முதலில் டிவிக்குப் பின்னால். பிறகு சமையலறை இழுப்பறை. பிறகு, எதற்கென்று அவனுக்கே தெரியாமல், செருப்பு அலமாரி.

அவன் கைபேசி வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. வெளியே மழை விடாமல் பெய்தது.

அவன் தங்கை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நேர் எதிரே ஷோகேஸ். மேல்தட்டில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், அவள் தன் கையால் செய்துகொடுத்த மெழுகுவர்த்தி. அகலமான கண்ணாடிக் குவளை. தாழம்பூ வாசனை. ஊதா ரிப்பன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இந்த வீட்டில் வெண்ணெயைக் கண்ணாடிக் கதவு போட்டு வேறு வைத்திருந்தார்கள்.

"கடைக்குப் போயி ஒண்ணு வாங்கிட்டு வந்திரட்டா?" என்றான் அண்ணன். இப்போது குடையைத் தேடிக்கொண்டிருந்தான்.

மெழுகுவர்த்தி செய்கிறவளை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வாங்க மழையில் போகிறானாம்.

இவனைச் சொல்லியும் பயனில்லை. ஒருவருமே எரிப்பதில்லை.

ஓரகத்தி பிரிட்ஜில் வைத்திருக்கிறாள், வெளியே வைத்தால் உருகிவிடுமாம். எதிர்வீட்டு டீச்சர் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார், துணியெல்லாம் வாசமாக இருக்கிறதாம். ஏன் ஏற்றவில்லை என்று கேட்டால் எல்லோர் வாயிலும் ஒரே பதில். இவ்வளவு அழகாக இருக்கிறதை எரிக்க மனசு வருமா?

அழகு என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எரித்துத் தீர்த்தால்தானே அடுத்ததைக் கேட்பார்கள்? மனசு வராதவர்களிடம் எதை விற்பது?

தீர்ந்துவிட்டது, இன்னொன்று கொடு என்று ஒரே ஒருவர் கேட்டால் போதும். இந்த மழைக்காலத்துக்குள் அப்படி யாரும் கேட்காவிட்டால், மெழுகு உருக்கும் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அவள் எழுந்தாள்.

"மதினி, இதை ஏத்துறேன்."

சோபாவில் இருந்த அண்ணன் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அதையாம்மா? சும்மா இரி. அது ஆசைக்கு வச்சிருக்கு."

ஆசைக்கு வைத்திருக்கிறதாம்.

ஷோகேஸ் கதவைத் தள்ளினாள். மதினி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தாள். அவள் உதறிக்கொண்டாள். பொறுத்தது போதும் என்றிருந்தது.

குவளையை மேசைமேல் வைத்தாள். தடவிப் பார்த்ததில் தீப்பெட்டி கிடைத்தது. மெழுகுவர்த்தி இல்லாத வீட்டில் தீப்பெட்டிக்கு மட்டும் குறைவில்லை. ரிப்பனை அவிழ்த்தாள். மூடியை எடுத்தாள். தாழம்பூ வாசம் கூடத்தில் நன்றாகவே வந்தது.

குச்சியை உரசினாள். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

திரியின் நுனி கறுப்பாக இருந்தது.

குனிந்து பார்த்தாள்.

இது முன்பே ஏற்றிய திரி. நடுவில் மட்டும் சின்னக் குழியாக உருகி, உருகிய மெழுகிலேயே திரி மூழ்கி அணைந்திருக்கிறது. ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிடவில்லை. குழியைச் சுற்றிலும் தீக்குச்சிக் கரி. அப்புறம் மெழுகை விரலால் தடவித் தடவிச் சமன் செய்யப் பார்த்து, மூடியைப் போட்டு, ரிப்பனைத் திரும்பக் கட்டி, மேல்தட்டில் வைத்திருக்கிறார்கள்.

விரல் தடம் அப்படியே இருந்தது. சின்ன விரல். மதினியுடையது.

இவ்வளவு அகலக் குவளைக்கு இந்தத் திரி மெல்லிசு; நின்று எரியாது. பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் இதுவரை பார்த்ததில்லை. போட்டோ எடுக்க ஏற்றுவாள். எடுத்ததும் ஊதிவிடுவாள், எரித்ததை யார் வாங்குவார்கள் என்று. தான் செய்ததில் ஒன்றைக்கூட அவள் கடைசிவரை எரித்துப் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் கொடுத்தது இதே குவளை, இதே திரி. ஓரகத்தியின் பிரிட்ஜை நினைத்தாள். டீச்சரின் பீரோவை நினைத்தாள்.

ஒருத்திகூடச் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பக்கமே போயிருக்க மாட்டாள் என்பதும் புரிந்தது. அவமானத்தில் காது சுட்டது.

மதினி பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளும் திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

குச்சி விரல்வரை எரிந்து வந்தது. உதறி அணைத்தாள்.

இருட்டில் மூடியை எடுத்துக் குவளைமேல் வைத்தாள்.

"தீப்பெட்டி நமுத்துப்போச்சு மதினி."

"இப்பம் நல்லாத்தானே பத்திச்சு?" என்றான் அண்ணன், வாசலில் நின்று குடையை விரித்தபடி.

மதினி அவள் கையிலிருந்த தீப்பெட்டியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நமுத்துதான் போச்சு," என்றாள். "நீங்க கடைக்குப் போங்க."