லாரிக்குப் பிடித்து வைத்த தொட்டில் எண்

திரைக்குள்ளேயே ஓடும் மெய்நிகர் லாரியானாலும் அதற்கென்று ஓர் எண் வேண்டும். நாமக்கல்லில் அந்த எண்ணுக்கு நிற்கிற வரிசை கோயில் வரிசையை விட நீளம். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று திரையில் கட்டும் மெய்நிகர் தொட்டில்களுக்கோ வரிசையே இல்லை. லாரி வாங்கவிருந்த செங்கோட்டுவேல் பஸ் ஜன்னலில் துண்டு போடுகிற வித்தையைக் காட்டினான். கூட்டினால் ஒன்பது வரும் எண் ஒன்றைத் தொட்டிலுக்கென்று பதிந்துவிட்டான். லாரி வாங்கியதும் மாற்றிக்கொள்ளலாம்.

தொட்டிலுக்கு எண் ஒதுக்கினால் சொந்தபந்தம் அத்தனைக்கும் வாழ்த்துச் செய்தி போகும் என்பது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை அம்மா வந்து இறங்கினாள். ஒரு கையில் மாங்காய்ப் பை, மறுகையில் பழைய பருத்திச் சேலை.

"தொட்டில் கம்ப்யூட்டருக்குள்ள இருந்தாலும் சேலை நம்ம சேலையா இருக்கோணும்" என்றாள்.

அவன் மனைவி பூங்கோதை திடுக்கிட்டாள். "உங்களுக்கு ஆருங்க அத்தை சொன்னது?"

செங்கோட்டுவேல் குறுக்கே வந்தான். "அம்மா, அந்த நம்பர் லாரிக்கும்மா. சும்மா இடம் பிடிச்சு வெச்சேன்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. சேலையை மடிக்க ஆரம்பித்தாள்.

"மடிக்காதீங்க அத்தை" என்ற பூங்கோதை, கணவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, அந்த நம்பரை லாரிக்கு மாத்துனீங்கன்னா நடக்கறதே வேற. பக்கத்து நம்பருக்கும் இப்பவே துண்டு போட்டு வைங்க. வயித்துல ரெண்டு இருக்குதுன்னு நேத்துத்தான் டாக்டரம்மா சொன்னாங்க."