கிழவர் தொடாத கெற்றா

மூன்றாவது தட்டையும் கிழவர் தள்ளிவிட்டார். தள்ளியதோடு நில்லாமல் உதட்டை இறுக மூடிக்கொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய மாதா கோயில் கலண்டரைப் பார்த்தபடி கல்லுமாதிரி இருந்துவிட்டார்.

இராஜேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். மணி பத்தேகால். பதினொரு மணிக்கு முதியோர் இல்லத்திலிருந்து ஆள் வருகிறது. அதற்குள் இந்த மனிதர் ஒரு வாயாவது சாப்பிட்டுக் காட்டாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இந்த ஹூபர் கிழவரைப் பார்த்துக்கொள்வதுதான் போன கோடையிலிருந்து அவளுடைய வேலை. வேலையோடு சேர்ந்து கிடைத்தது, அவர் வீட்டின் நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற் அறை. அவளும் ஒன்பது வயது மகள் மயூரியும் அதில்தான் இருக்கிறார்கள். கிழவர் போனால் வீட்டை விற்றுவிடுவார்கள். இந்தப் பெப்ரவரிக் குளிருக்குள் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு எந்தக் கதவைப் போய்த் தட்டுவது?

கெற்றா என்றால் கிழவருக்கு உயிர். அவர் பிறந்து வளர்ந்த அமெரிக்கச் சின்சினாட்டியில், அங்கே குடியேறிய ஜெர்மன்காரரின் காலைச் சாப்பாடு அது. பன்றி இறைச்சியையும் உடைத்த ஓட்ஸையும் மூன்று மணித்தியாலம் களி கிண்டுவதுபோலக் கிண்டி, தட்டில் ஊற்றி ஆறவைத்து, மறுநாள் துண்டு துண்டாக வெட்டி முறுகப் பொரிக்க வேண்டும். கிண்டி முடிய அவளுக்குத் தோள்மூட்டு கழன்றுவிடும். ஆனாலும் கிழவர் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிற அழகைப் பார்த்தால் அந்த நோவெல்லாம் மறந்துபோகும்.

நத்தார்ப் பண்டிகையோடு கிழவரின் பேச்சு நின்றுபோனது. பெற்ற மகள் லின்டாவைச் செத்துப்போன மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான் கடைசி. சாப்பாட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. இந்தப் புதன்கிழமை அதற்கும் மண் விழுந்தது. தட்டைத் தொடவே இல்லை. வியாழன் ஒழுங்காக இரண்டு துண்டு சாப்பிட்டார். இன்றைக்கு மறுபடியும் அதே கூத்து.

சாப்பாடு எது என்றே தெரியாத நிலைக்கு அப்பா வந்துவிட்டார், இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று காலையில் லின்டா போனில் அழுதாள். நகரத்தின் மறுகோடி மில்லிக்கனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டும் விட்டாள்.

வேறு வழி தெரியாமல் இராஜேஸ்வரி, காலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல் செய்கிற ஸ்ரீதரன் அண்ணைக்குப் போன் போட்டாள்.

"வாயில வைச்சுப் பாத்தனியே, பிள்ளை?"

"இண்டைக்கு வெள்ளியெல்லோ அண்ணை. முழுகிப்போட்டு நிக்கிறன், எப்பிடி இறைச்சியை வாயில வைக்கிறது?"

"அப்ப உப்புப் பிழைச்சிருக்கும். வெள்ளைக்காரனுக்கு ஏது வெள்ளியும் செவ்வாயும்? இன்னும் கொஞ்சம் உப்புத் தூவி, நல்லா முறுகவிட்டுக் குடு. தின்பார்."

நாலாவது தட்டுப் பொரிந்தது. இந்த முறை வெங்காயத்தையும் சேர்த்துப் பொரித்தாள். வாசம் தெருவுக்கே போயிருக்கும்.

"ஒரு வாய் சாப்பிடணை, அப்பு. உங்கட காலில விழுந்து கும்பிடுறன்," என்று தமிழிலேயே கெஞ்சினாள்.

கிழவரின் மூக்கு விரிந்தது. எச்சில் விழுங்கியது கழுத்தில் தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. நாசமாய்ப் போன உப்பு, எங்கே பிழைத்தது என்று அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. லின்டா வந்தாள், அவள் பின்னாலேயே கோப்பும் கையுமாக முதியோர் இல்லத்துப் பெண். பதினொன்று அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, பாவிகள் முன்னுக்கே வந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் நல்லவள்தான். கதிரையை இழுத்துக் கிழவருக்குக் கிட்ட இருந்துகொண்டு மெதுவாகத்தான் கேட்டாள். உங்களுடைய பெயர் என்ன? இன்றைக்கு என்ன கிழமை? பக்கத்தில் நிற்கிற இவர் யார்? கிழவர் எதற்கும் வாய் திறக்கவில்லை. அவள் மூன்று இடத்தில் புள்ளடி போட்டுவிட்டு, கையெழுத்து வைக்கவேண்டிய பக்கத்தை லின்டாவுக்கு முன்னால் நீட்டினாள்.

இன்னும் பத்து நிமிடம் தாருங்கள், நேற்றுச் சாப்பிட்டவர், சத்தியமாகச் சாப்பிட்டவர் என்று இராஜேஸ்வரி தனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் மன்றாடினாள். வெட்கத்தை எல்லாம் விட்டு லின்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே மயூரியின் பள்ளிக்கூட உடுப்புகள் கொடியில் காய்கின்றன. இரவைக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

லின்டாவும் கல்நெஞ்சக்காரி இல்லை. பேனையைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே முள்ளுக்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி எடுத்தாள். அப்பா, எனக்காக இந்த ஒன்று, என்று சொல்லி அவருடைய உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

கிழவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். கையை மெதுவாகக் கீழே இறக்கினார். இரண்டு மாதமாகப் பேசாத வாய் திறந்தது. குரல் கரகரத்தாலும் சொல் தெளிவாக வந்தது.

"சாம்பல் புதனுக்கும் இறைச்சி, தவக்காலத்து வெள்ளிக்கும் இறைச்சியோ, லின்டா?"