ஸல்ஹாவின் சிவப்புப் புள்ளி

"தங்கச்சி, நான் தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. கம்பியூட்டர்தான் மாட்டன் எண்டு நிக்குது."

காப்புறுதிக் கம்பனியின் திருகோணமலைக் கிளையில் நிரோஜினி தன் திரையை ஸல்ஹாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சந்தேகத்துக்குரிய விண்ணப்பம் என்று அர்த்தம்.

"நான் என்ன களவா மிஸ் செஞ்ச?"

ஸல்ஹா கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்திருந்தாள். கணவன் லொறிச் சாரதி. துறைமுகத்தில் மாவு ஏற்றிக்கொண்டு போகையில் கந்தளாய் வீதியில் லொறி புரண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய ஆயுள் காப்புறுதிக்காகத்தான் இவளுக்கு இந்த அலைச்சல்.

"மரணத்தை மூண்டு மாதத்துக்குள்ளை அறிவிக்க வேணும். நீங்கள் பிந்தி வந்திட்டியள். அதைத்தான் பிடிச்சு வைச்சிருக்கு."

"இத்தாவில இருக்கக்குள்ள எப்பிடி மிஸ் வெளிய வாற?"

நிரோஜினிக்கு அது தெரியாததல்ல. புருஷனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடுதான் இருப்பாள். கிண்ணியாப் பக்கத்து விதவை எவளும் அதற்குப் பிறகுதான் இந்தக் காரியாலயப் படியேறுவாள். திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"வியாழக்கிழமை குவைத்துக்குப் போறன் மிஸ், வீட்டு வேலைக்கு. இது கிடைச்சா போகமாட்டன். சின்னவள் இப்பதான் கதைக்கப் பழகுறா."

அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல். நிரோஜினி எழுந்தாள். "இருங்கோ, வாறன்" என்று ஸல்ஹாவை வாங்கில் இருத்திவிட்டு முகாமையாளர் இரத்தினசிங்கத்திடம் போனாள்.

"சேர், நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டு இதை விடேலாதே?"

"கையெழுத்தெல்லாம் முந்தி, பிள்ளை. இப்ப சிவப்பு விழுந்தால் கொழும்பிலை குழு கூடித்தான் மாத்த ஏலும். மூண்டு நாலு மாதம் போகும்." இதைச் சொல்லும்போதுகூட அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன வருடம்தான் கம்பனி நவீனமானது. தரவுப் பகுப்பாய்வாம், விண்ணப்பங்களை இனி மிசினே பார்த்துப் பிரிக்குமாம், எல்லாக் கிளைகளும் கூடி வேலை செய்ய ஒரு தளமாம். பயிற்சி வகுப்பில் தந்த பேஸ்ட்ரி நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் பேனை கேட்கவும் அந்தத் தளத்தின் குழுவில் செய்தி போட வேண்டியதாயிற்று.

அந்தக் குழுவிலேயே நிரோஜினி ஆத்திரத்தைக் கொட்டினாள். 'இந்த மிசினுக்கு ஈவிரக்கம் இல்லையா? இதைச் செய்த புண்ணியவான் யார்?' கண்டியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. அதற்குமேல் ஒருவரும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் கொழும்புத் தரவுப் பிரிவிலிருந்து றுவைஸ் என்பவன் வீடியோவில் அழைத்தான். ஸல்ஹாவும் கேட்கட்டும் என்று நிரோஜினி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"தம்பி, இத்தா எண்டால் என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"நான் மூதூர் அக்கா. எங்கட உம்மாவும் இருந்தவதான்."

அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காகியது. "தெரிஞ்சுகொண்டோ இப்பிடி ஒரு சாமானைச் செய்து வைச்சிருக்கிறியள்?"

"நாங்க அதுக்கு ஒரு சட்டமும் சொல்லிக் குடுக்கல்ல. உங்கட கிளையில மனிசர் பழைய விண்ணப்பங்களுக்குப் போட்ட முடிவுகளத்தான் குடுத்தோம். அதப் பாத்து அதுவாப் படிச்சிக்கிட்டது. கிண்ணியா, விதவை, பிந்தி வந்தவ. இது மூண்டும் சேந்தா சந்தேகம் எண்டு."

"அப்ப அந்த முடிவைப் போட்ட ஆளைப் பிடியுங்கோ. பிந்தினதுக்குக் காரணம் இத்தா எண்டு ஒரு வரி எழுதினால் கை தேஞ்சு போயிடுமே? இந்தப் பிள்ளை இப்ப குழந்தையளை விட்டிட்டுக் கடல் கடந்து போகப்போகுது. அந்தப் பாவம் ஆரைச் சேரும்?"

வாங்கில் இருந்த ஸல்ஹா நிமிர்ந்து பார்த்தாள். கணவன் போன பிறகு அவளுக்காக ஒருவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. கண்ணால் கும்பிடாத குறை.

றுவைஸ் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, சத்தத்தக் கொஞ்சம் குறைச்சிட்டுக் கேளுங்களன்."

"தேவையில்லை. எல்லாருக்கும் கேக்கட்டும். எங்கடை கிளையிலை இருக்கிற அந்த ஆள் ஆர்?"

"காரணம் எழுதினா கொழும்பிலயிருந்து நூறு கேள்வி வரும், பதில் எழுதோணும். சந்தேகம் எண்டு ஒரு தட்டுத் தட்டினா பைல் அண்டைக்கே மேசைய விட்டுப் போயிரும். பிறகு அந்தப் பொம்புளையள் அலைஞ்சு களைச்சு விட்டிருவாங்க. அப்பிடித்தான் நடந்திருக்கு."

நிரோஜினியின் கை ஒலியைக் குறைக்கும் பொத்தானைத் தேடியது. அவசரத்தில் அது அகப்படவில்லை.

"ஒண்டு ரெண்டு இல்ல, வந்த அத்தனை விதவைக்கும் அப்பிடித் தட்டினது ஒரே ஆள்தான்" என்றான் றுவைஸ், காரியாலயம் முழுவதற்கும் கேட்க. "நீங்கதான், அக்கா."